கைப்பிடியிலிருந்து கயிற்றுக்கு: மரமேறும் தொழிலின் வரலாறு

தோட்டத்து வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை எவை? பெரட்டுக் களம், பால்வாளி, லயத்து வீடு, கங்காணி. இவற்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். நம் எழுத்தாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே தோட்டத்தில், தரையில் நின்று வேலை செய்யாத ஒரு தொழிலாளியும் இருந்தார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, தென்னை மரத்தின் உச்சிக்கு ஏறி இறங்குவதே அவருடைய வேலை. அவர்தான் கள் இறக்கிய தொழிலாளி.

அவருடைய வரலாற்றை நாம் ஏன் அதிகம் பேசவில்லை? காரணம் இல்லாமல் இல்லை. கள்ளுக்கடை நம் குடும்பங்கள் பலவற்றின் கூலியை விழுங்கியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. குடியின் கொடுமையைப் பேசும்போது, மரத்தின் மேல் இருந்தவரை நாம் மறந்துவிட்டோம். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும் என்பது நம் பழமொழி. மரமேறிப் பிழைத்தவருக்கும் அந்தப் பழமொழியின் கதிதான் நேர்ந்தது. கள்ளை வெறுப்பது வேறு. உயிரைப் பணயம் வைத்து உழைத்தவரை மறப்பது வேறு.

ஆகவே இன்று நாம் கள்ளைப் பற்றிப் பேசப் போவதில்லை. மரத்தில் ஏறியவர்கள் எந்தக் கருவியை நம்பி ஏறினார்கள், அந்தக் கருவிகள் எப்படி மாறின, அந்த மாற்றம் நமக்குச் சொல்லும் பாடம் என்ன என்பவற்றைக் காண்போம்.

முதலில் ஓர் எளிய கேள்வி. மரத்தின் மேல் வேலை செய்பவருக்கு எத்தனை கைகள் வேண்டும்? மரத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு கைகள் வேண்டும். பாளையைச் சீவவோ, காயை வெட்டவோ, கிளையை அறுக்கவோ இன்னும் இரண்டு கைகள் வேண்டும். மனிதனுக்கு நான்கு கைகள் இல்லை. எனவே, கைகள் வேலையில் இருக்கும்போது உடலை வேறொன்று தாங்க வேண்டும். மரமேறும் கருவிகளின் வரலாறு முழுவதும், அந்த ‘வேறொன்று’ எது என்பதற்கு மனிதர்கள் தேடிய விடைகளின் வரலாறுதான்.

நம் முன்னோர் வந்த தென் தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குவோம். அங்கே பனை ஏறுபவரின் முதல் கருவி தளைநார். இரண்டு பாதங்களையும் இணைக்கும் ஒரு வளையம் அது. பாதங்கள் மரத்தின் இருபுறமும் அழுந்தி நிற்கும்போது, அவை விலகிப் போகாமல் இந்த வளையம் இழுத்துப் பிடிக்கும். கைகளால் மரத்தைத் தழுவிக்கொண்டு, கால்களை மேலே தூக்கி ஊன்றி, மறுபடி கைகளை உயர்த்தி, இப்படியே ஏற வேண்டும். அடிமரத்தில் முதல் எட்டு எடுத்து வைக்க, முருக்குத்தடி என்னும் கழியைச் சாய்த்து வைப்பதும் உண்டு. இடுப்பில் அரிவாள்பெட்டி, அதனுள் பாளை அரிவாள். பாளையை நசுக்க இடுக்கி. நீர் சேரக் கலயம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகும்.

இந்தக் கருவிகளில் ஒன்றைக் கவனியுங்கள். தளைநார் பாதத்தைத் தாங்கும், ஆளைத் தாங்காது. கை நழுவினால் அவரைப் பிடித்து நிறுத்த அதில் ஏதும் இல்லை. பனைமரமோ 20 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. பருவகாலத்தில் பல மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். மழை பெய்து மரம் வழுக்கும் நாளும் உண்டு. உடல் சோர்ந்த நாளும் உண்டு. சொரசொரப்பான மரத்தோடு மார்பு உராய்ந்து உராய்ந்து தோல் காய்த்துப் போகும். அந்தக் காய்ப்பைத்தான் ஊரார் திறமையின் அடையாளமாகக் கண்டார்கள்.

தென்னை மரம் வேறு வகை. பனையைவிட வழவழப்பானது, பல இடங்களில் வளைந்தும் சாய்ந்தும் நிற்கும். அதற்கு ஏற்ற வழிகளை ஒவ்வொரு நாட்டாரும் தனித்தனியே கண்டார்கள். கேரளத்தில் தேங்காய் மட்டைகளை மரத்தோடு சேர்த்துக் கட்டிப் படிகளாக்கினார்கள். நம் மலேசிய நாட்டுக் கம்பங்களில் மரத்திலேயே படிப்படியாக வெட்டு வெட்டி, அந்த வெட்டுகளில் பாதத்தை வைத்து ஏறினார்கள். இது எளிய வழிதான். ஆனால் வெட்டிய இடத்தில் நீர் தங்கும், மரம் உளுக்கும், சிவப்புக் கூன்வண்டு அந்தக் காயத்தில் முட்டையிடும். ஏறுவதற்காக வெட்டிய படியே நாளடைவில் மரத்துக்கு எமனாகிவிடும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆளை மட்டும் அல்ல, மரத்தையும் நினைக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் இன்னொரு வழி பிறந்தது. களுத்துறைப் பக்கத்தில் கள் இறக்குபவர்கள், ஒரு தென்னையின் உச்சியிலிருந்து அடுத்த தென்னையின் உச்சிக்கு இரண்டு தென்னங்கயிறுகளைக் கட்டினார்கள். கீழ்க்கயிற்றில் கால், மேற்கயிற்றில் கை. ஒருமுறை ஏறிவிட்டால் மரத்துக்கு மரம் அந்தரத்திலேயே நடந்து போகலாம். ஏறி இறங்கும் உழைப்பு குறைந்தது. ஆனால் ஆபத்து குறைந்ததா? இல்லை. கயிறு மழையிலும் வெயிலிலும் கிடந்து இற்றுப் போகும். அது இற்றுப் போனதைக் கண்டுபிடிக்காதவருக்கு அன்றைய நடையே கடைசி நடையாகிவிடும்.

கிளந்தானிலும் திரெங்கானுவிலும் மனிதருக்குப் பதிலாகக் குரங்கையே ஏற்றினார்கள். பெரோக் எனப்படும் அந்தக் குரங்கு, காயைத் திருகிக் கீழே போடப் பழக்கப்படுத்தப்பட்டது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய அறிஞர் கார்னர், 1937 முதல் இத்தகைய குரங்குகளைப் பழக்கி, காட்டு மரங்களின் உச்சியிலிருந்து இலைகளையும் பூக்களையும் பறித்துவரச் செய்தார். ஆனால் குரங்கு தேங்காய் பறிக்குமே தவிர, பாளை சீவிக் கள் இறக்காது. அந்த வேலைக்கு மனிதர்தான் போக வேண்டியிருந்தது.

இனி நாம் ஆப்பிரிக்காவுக்குப் போவோம். ஏன் ஆப்பிரிக்கா? இன்று நம் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் நிற்கிறதே செம்பனை, அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்குள்ள மக்கள் செம்பனையில் ஏறிய முறை நம் முறைக்கு நேர்மாறானது. நாம் மரத்தைக் கட்டித் தழுவி ஏறினோம். அவர்கள் மரத்தையும் தம் முதுகையும் சேர்த்து ஒரு கயிற்று வளையத்தைப் போட்டு, பின்புறமாகச் சாய்ந்து ஏறினார்கள். பாதம் மரத்தில் ஊன்றியிருக்கும். முதுகு கயிற்றில் சாய்ந்திருக்கும். ஓர் எட்டு வைத்துவிட்டு, கயிற்றைச் சற்றே தளர்த்தி மேலே எற்றுவார்கள், மறுபடி சாய்வார்கள். உச்சிக்குப் போனதும் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைத்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆள் சாயச் சாய, கயிறு மரத்தை இறுக்கிப் பிடிக்கும். கீழே இழுக்கும் உடல் எடையே, அவரைத் தாங்கும் பிடியாக மாறிவிடுகிறது. தளைநாருக்கும் இந்தக் கயிற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே ஆள் மரத்தைப் பிடித்திருக்கிறார்; இங்கே கருவி ஆளைப் பிடித்திருக்கிறது. கயிறு அறுந்தாலோ கால் வழுக்கினாலோ இதிலும் ஆபத்து உண்டு. எனினும் கேள்விக்குரிய விடையின் பாதியை அவர்கள் கண்டுவிட்டார்கள்.

மற்றப் பாதி மலையேறுபவர்களிடமிருந்து வந்தது. ஆஸ்திரிய நாட்டு மலையேறி கார்ல் புரூசிக், 1931-இல் ஒரு முடிச்சை வெளியிட்டார். தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்றுவளையத்தைச் சுற்றிப் போடும் முடிச்சு அது. எடை இல்லாதபோது கையால் மேலும் கீழும் தள்ளலாம். எடை விழுந்தவுடன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பார்த்தீர்களா? ஆப்பிரிக்கக் கயிறும் ஆஸ்திரிய முடிச்சும் ஒரே தத்துவத்தைத்தான் பேசுகின்றன. விழும் எடையே பிடியாக வேண்டும்.

அடுத்த மாற்றம் கயிற்றின் பொருளில் நேர்ந்தது. தென்னங்கயிறும் மணிலாக் கயிறும் ஈரத்தில் உளுத்துப் போகக்கூடியவை. 1935-இல் அமெரிக்க வேதியியல் அறிஞர் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். அது உளுப்பதில்லை, திடீரென்று எடை விழும்போது சற்றே நீண்டு கொடுத்து, அதிர்ச்சியைக் குறைக்கிறது. 1953-இல் ஜெர்மனியில், உள்ளே தாங்கும் இழைகளும் வெளியே காக்கும் உறையும் கொண்ட கயிறு வந்தது. நகரங்களில் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் போன்ற பெரிய மரங்களில் கிளை வெட்டும் தொழிலாளர்கள் இன்று பயன்படுத்தும் கயிறுகள் இந்த வழியில் வந்தவையே. தொடையையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கும் கச்சையை அணிந்து, உறுதியான கிளைக்கவட்டில் போட்ட கயிற்றில் தொங்கியபடி, அவர்கள் மரம் முழுவதும் நகர்ந்து வேலை செய்கிறார்கள்.

ஆனால் நேயர்களே, கருவி பிறந்துவிட்டால் போதுமா? அது தொழிலாளியின் கைக்கு வர வேண்டாமா? இங்கே ஒரு தாயின் கதையை நாம் அறிய வேண்டும். அமெரிக்காவில் எத்தல் ஃபர்மன் என்னும் அம்மையார், 1967-இல் மரக்கிளை வெட்டும் பணியில் நேர்ந்த விபத்தில் தம் மகனை இழந்தார். அந்தத் தொழிலுக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான பாதுகாப்பு விதிமுறை அப்போது இல்லை. அடுத்த ஆண்டு அவர் கடிதம் எழுதத் தொடங்கினார். ஒன்றிரண்டு அல்ல, இடைவிடாமல் எழுதினார். அதன் பயனாக ஒரு குழு அமைந்தது. 1972-இல் மரவேலைக்கான பாதுகாப்பு விதிமுறை வெளிவந்தது. கயிறும் கச்சையும் அதற்கு முன்பே இருந்தன. அவற்றை அணிவது தொழிலின் விதியாக வேண்டும் என்பதற்கு ஒரு தாயின் கண்ணீரும் எழுதுகோலும் தேவைப்பட்டன.

நம் பக்கத்துக்குத் திரும்புவோம். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த உழவர் ஒருவர், தென்னை ஏறும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி ஒரு கம்பிவடம். ஒரு காலை உயர்த்தினால் அந்தச் சட்டம் தளர்ந்து மேலே வரும். மற்றக் காலின் சட்டம் எடையைத் தாங்கி இறுகி நிற்கும். இங்கும் அதே தத்துவம்தான். படிக்கட்டு ஏறுவதுபோல் ஏறலாம். ஆயினும் இயந்திரம் பாதத்தைத்தான் தாங்கும். ஆளைத் தாங்கப் பாதுகாப்புக் கச்சை தனியே வேண்டும். 2011-இல் இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னை மரத் தோழர்கள்’ என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இளைஞர்களும் பெண்களும் இயந்திரத்தில் ஏறக் கற்றார்கள். அவர்களுக்குக் காப்புறுதியும் ஏற்பாடு செய்யப்பட்டது.

மலாயாத் தோட்டங்கள் வேறொரு வழியில் சென்றன. 1917-இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ஃபிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே, நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். தென்னமாரம் என்பது அத்தோட்டத்தின் பெயர். காதால் கேட்டாலே நம் தென்னைமரம் அதில் ஒலிக்கிறது. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் தோட்டங்களில் நிலைத்த வழக்கம் ஆப்பிரிக்கக் கயிறு அன்று. மரம் சிறிதாக இருக்கும்போது உளியால் குலையைக் குத்தி வெட்டினார்கள். மரம் வளர்ந்ததும் மூங்கில் கழியில் அரிவாளைக் கட்டித் தரையில் நின்றே வெட்டினார்கள். பிற்காலத்தில் மூங்கிலின் இடத்தை அலுமினியக் குழாய் பிடித்தது. ஆளை உயர்த்துவதற்குப் பதில் கத்தியை உயர்த்தினார்கள்.

இது நல்ல தீர்வா? விழும் ஆபத்து போயிற்று. அது பெரிய நன்மை. ஆனால் ஆபத்து இடம் மாறிக்கொண்டது. முன்பு மனிதர் மேலிருந்து விழுந்தார். இப்போது குலையும் மட்டையும் மனிதர்மேல் விழுகின்றன. ஒரு குலையின் எடை 20 கிலோவையும் தாண்டலாம். மட்டையின் முள் கண்ணைக் குத்தலாம். மூங்கில் கழியைவிட அலுமினியக் கழி இலேசானது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி போகும் பாதையருகே அந்தக் கழியை நிமிர்த்துவது எமனைக் கைநீட்டி அழைப்பதாகும். ஆகவே தலைக்கவசமும் கண்ணாடியும் காலணியும், மின்கம்பி எங்கே போகிறது என்ற அறிவும், இந்தத் தொழிலின் புதிய தளைநார் ஆகின்றன.

இந்த வரலாற்றிலிருந்து, மரத்தில் ஏறியோ மரத்தடியில் நின்றோ பிழைக்கும் நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டியவை என்ன?

முதலாவது, மரத்துக்கேற்ற முறை. கிளையில்லாத தென்னைக்கும் கமுகுக்கும் ஒரு முறை. கிளை பரந்த மரத்துக்கு வேறு முறை. உயிருள்ள மரத்தில், கூரிய முள் பொருத்திய காலணியால் குத்தி ஏறுவது மரத்தைப் புண்ணாக்கும். வெட்டி வீழ்த்தப் போகும் மரத்துக்கே அது தகும்.

இரண்டாவது, ஒரு பிடி போதாது. வேலை செய்யும் நேரத்தில் இரண்டு இடங்களில் கட்டியிருக்க வேண்டும். இயந்திர வாளால் அறுப்பவர் தம் கயிற்றைத் தாமே அறுத்துவிடக்கூடும். அப்போது இரண்டாவது பிடிதான் உயிர். அதனால்தான் உள்ளே எஃகுவடம் வைத்த இடுப்புக்கயிற்றை இரண்டாவது பிடியாகக் கொள்கிறார்கள். ஆயினும் இயந்திர வாள் எஃகையும் வெட்டக்கூடும். எஃகு இருக்கிறது என்று கவனத்தை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, ஏறும் முன் சோதனை. நைலான் உளுக்காது, ஆனால் வெயிலும் அமிலமும் அதைக் கெடுக்கும். கயிற்றை முழு நீளமும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட, இறுகிப்போன, உறை கிழிந்த கயிற்றை ஆடு கட்டவும் தனியே வைத்துக்கொள்ளலாம். அதில் ஆள் தொங்கக் கூடாது.

நான்காவது, தனியே ஏறக் கூடாது. கச்சையில் மயங்கித் தொங்குபவரை நெடுநேரம் அப்படியே விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து. ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்க வேண்டும்.

ஐந்தாவது, உரிமையை அறிதல். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் தொடங்கிய சொக்சோ, விபத்துக்குப் பின் குடும்பத்துக்கு உதவுகிறது. 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமோ விபத்துக்கு முன்பே பேசுகிறது. பாதுகாப்பான வேலைமுறையை ஏற்படுத்துவது முதலாளியின் கடமை. சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கொடுத்ததை அணிவது தொழிலாளியின் கடமை. இந்த மூன்றையும் நாம் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? எண்ணிக்கைக்குக் கூலி என்ற இடத்தில், கச்சை கட்டும் நேரம் வீண் நேரமாகத் தோன்றும். இன்னும் இரண்டு மரம் ஏறலாமே, இன்னும் பத்துக் குலை வெட்டலாமே என்று மனம் சொல்லும். வீட்டில் அரிசிப் பானையும் அதையே சொல்லும். அதனால்தான் பாதுகாப்பைத் தனி ஒருவரின் துணிச்சலுக்கு விட்டுவிடக் கூடாது. அதை வேலையின் சட்டமாக்க வேண்டும்.

“அவர் கயிறே இல்லாமல் ஏறுவார்” என்று நம் ஊர்களில் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தத் திறமை மெய்யானது, நாம் தலைவணங்குகிறோம். ஆனால் பாராட்டுக்குச் செலவில்லை, கயிற்றுக்குச் செலவுண்டு. அதனால்தானோ என்னவோ, நெடுங்காலம் மரமேறியவருக்குப் பாராட்டு தாராளமாகக் கிடைத்தது, கயிறு கிடைக்கவில்லை. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். மரத்தில் சறுக்குவது முழமாக நிற்பதில்லை. அந்தச் சறுக்கலில் ஒரு குடும்பமே தரைமட்டமாகிவிடுகிறது.

தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் உயரத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் மறையவில்லை. நகரத்து மரங்களிலும், மின்கம்பங்களிலும், கட்டடச் சாரங்களிலும் இன்றும் இருக்கிறார்கள். தாய்மார்களே, உங்கள் மகனோ கணவரோ காலையில் அப்படிப்பட்ட வேலைக்குப் புறப்படும்போது, சோறு கட்டிக் கொடுப்பதோடு ஒரு கேள்வியையும் கேளுங்கள்: “கை நழுவினால் உங்களைப் பிடித்துக்கொள்வது எது?” அதற்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத்திடமும் நிர்வாகத்திடமும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.